உப்புக்காற்றின் மேல் போட்ட பழி

எனக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். புதிதாக மாட்டிய டோம் கேமராவில் யாராவது விரல் வைத்துவிட்டால் போதும். கூரையில் கவிழ்த்து ஒட்டிய தேங்காய்ச் சிரட்டை மாதிரி இருக்கும் அந்தக் கேமராவுக்கு மூடியாகத் தெளிந்த பிளாஸ்டிக்கில் ஒரு குமிழ் உண்டு. உள்ளே எவ்வளவு நல்ல லென்ஸ் இருந்தாலும் அது பார்ப்பது இந்தக் குமிழ் வழியாகத்தான். குமிழில் ஒரு கைரேகை விழுந்தால் பகலில் படம் மங்கும். இருட்டியபிறகு கேமராவின் சொந்த வெளிச்சமே அந்த ரேகையில் பட்டுத் திரும்பி, திரை சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துப்போகும். இதை நான் வீடு வீடாகப் பிரசங்கம் செய்திருக்கிறேன். கேட்டவர் யாருமில்லை.

பூதப்பாண்டியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு நெல் ஆலை. ஆயுதபூஜைக்கு மறுநாள் அதன் முதலாளி கூப்பிட்டு, கேமரா கெட்டுப்போச்சு, எல்லாம் சிவப்பாகத் தெரியுது என்றார். போய்ப் பார்த்தால், மோட்டாருக்கும் தராசுக்கும் வைத்த மாதிரியே கேமராவுக்கும் சந்தனம் தடவி நடுவில் குங்குமம் வைத்திருக்கிறார், மிகச் சரியாக லென்ஸுக்கு நேரே. தோவாளையில் ஒரு பூக்கடைக்காரர் தினமும் அந்தியில் சாமி படங்களுக்குச் சாம்பிராணி காட்டிவிட்டுக் கேமராவுக்கும் காட்டுவார். "அதும் நம்ம கடையத்தானே காக்குது" என்பது அவர் நியாயம். நான் மாதம் ஒருமுறை போய்க் குமிழைக் கழுவிவிட்டு வருவேன். இப்படி ஒவ்வொருவரையும் ஏசிக்கொண்டே தொழில் செய்தாலும், படம் தெளிவாக விழுந்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இரண்டு கைப்பிடி கூடுதலாக இறங்கும்.

நாகர்கோவிலில் ஒரு கடையில் சம்பளத்துக்குக் கேமரா மாட்டிக்கொண்டிருந்த நான், தனியாகத் தொழில் தொடங்கி ஆறேழு மாதம் ஆகியிருந்தது. ஒரு மே மாதத் தொடக்கத்தில் சவுதியிலிருந்து போன் வந்தது. பேசியவர் குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரர். அங்கே ஏ.சி. மெக்கானிக்.

"தம்பி, எனக்க வீட்டுல கேமரா வைக்கணும். ஜூன்ல இருந்து பெண்டாட்டி ஸ்கூலுக்கு வேலைக்குப் போகப்போறேங்கா. வீடு பகல் முழுக்க அடச்சுக் கெடக்கும். நான் இங்க இருந்து பாத்தா, முத்தத்துல நிக்கது கோழியா காக்காயான்னு தெரியணும். தெரிஞ்சா அவ வேலைக்குப் போகட்டும். தெரியலன்னா போகண்டாம், வீட்டப் பாத்துட்டு இருக்கட்டும்."

அதாவது, முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணின் வேலை என்னுடைய குமிழில் தொங்குகிறது. அந்த நிபந்தனை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேலை பிடித்திருந்தது. அவருடைய அறையில் நம் மாவட்டத்துக்காரர்கள் இன்னும் நாலு பேர் இருப்பதாகவும், படம் நன்றாக இருந்தால் அவர்களும் தங்கள் வீடுகளுக்கு என்னையே கூப்பிடுவார்கள் என்றும் சொன்னார். நான் கோழியின் கொண்டையே தெரியும் என்று வாய்விட்டுவிட்டேன்.

வீடு புதிது. என்றைக்கோ வாங்கப்போகும் காருக்காக முன்னால் பெரிய சிமெண்டு முற்றம். முற்றத்தில் ஒரு கிணறு. சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மதில், இரும்புக் கேட். அந்தப் பெண்ணுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். நான் ஏணியில் நிற்க, அவளே வயரை நீட்டி நீட்டிக் கொடுத்தாள். போர்ச்சில் ஒன்று, ரோட்டைப் பார்த்துக் கேட்டில் ஒன்று, பின்பக்கம் அடுக்களை வாசலில் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று நாலு டோம். வேலைக்கு நடுவே, எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டேன். அஞ்சு கிலோமீட்டர் தள்ளி, கன்னியாஸ்திரீகள் நடத்துகிற ஆரம்பப் பள்ளி. போன வருடம் ஒரு டீச்சர் பிரசவ விடுப்பில் போனபோது ஐந்து மாதம் இவள்தான் இரண்டாம் வகுப்பு எடுத்திருக்கிறாள். இப்போது நிரந்தரமாகவே கூப்பிட்டிருக்கிறார்கள்.

"ஒரே ஒரு சங்கடம் அண்ணே. எட்டே கால் பஸ்ஸு எங்க ஸ்டாப்புல நிக்கவே மாட்டான். காலேஜ் பிள்ளைங்க தொங்கிட்டு வரும். அடுத்தது ஒம்பதரைக்கு. போன வருசம் பாதி நாளு லேட்டு. இந்த வருசமும் லேட்டா வந்தா வேற ஆளு பாத்துக்கிடுவோம்னு சொல்லிட்டாவ."

"ஒரு ஸ்கூட்டர் எடுத்தா என்ன தங்கச்சி?"

"அவரு சம்மதிக்கமாட்டாரு. கலியாணம் ஆன புதுசுல அவருக்க வண்டியிலதான் ஓட்டப் படிப்பிச்சுத் தந்தாரு. தென்னையில கொண்டு சாத்தி கை ஒடிஞ்சுபோச்சு. மறுநாளே வண்டிய வித்துட்டாரு. உனக்கு வண்டி ஆகாதுன்னு ஒரே பேச்சு."

"பெறகு எப்படிப் போவிய?"

"பாத்துக்கிடலாம்" என்று சிரித்தாள்.

அன்று சாயங்காலம் படம் விழுந்தது. நானே மாட்டியதை நானே புகழக் கூடாது என்றாலும், அப்படி ஒரு படம். சவுதியிலிருந்து அவர் போனிலேயே குதித்தார். தென்னையில் எத்தனை குலை என்று எண்ணினார். கிணற்றுச் சுவரில் பூச்சு விட்டிருப்பதைக் கண்டுபிடித்து அவளை ஏசினார். அவள் போர்ச் கேமராவுக்குக் கீழே வந்து, ஸ்டூடியோவில் நிற்பவள் மாதிரிச் சேலையைச் சரிசெய்துகொண்டு கையை ஆட்டினாள். நான் பூதப்பாண்டிக்குத் திரும்பி நன்றாகச் சாப்பிட்டேன்.

நாலாம் நாள் சவுதிப் போன். போர்ச் கேமரா மங்கிவிட்டது. மற்ற மூன்றும் பளிச்சென்று இருக்கின்றன, இது மட்டும் கஞ்சித் தண்ணீருக்குள் பார்த்தது போல் இருக்கிறது. பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். குமிழில் ஏதோ படலம். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டேன்.

"உப்புக்காத்து."

நாஞ்சில் நாட்டில் வயற்காட்டுப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடற்கரை என்றாலே உப்புக்காற்றுதான். கடற்கரை ஊரில் பூட்டு திறக்கவில்லையா, உப்புக்காற்று. ஃபிரிட்ஜ் சத்தம் போடுகிறதா, உப்புக்காற்று. அங்கே பெண் எடுத்த என் சித்தப்பா மகனுக்கு முடி கொட்டியதற்கும் எங்கள் வீட்டில் சொன்ன காரணம் அதுதான். வேறு எதையும் நாங்கள் சோதித்துப் பார்ப்பதில்லை. சோப்புத் தண்ணீர் தொட்டுக் கழுவி, மெத்தென்ற துணியால் ஒற்றி எடுத்தேன். படம் பழையபடி தெளிந்தது. அவள் கீழே நின்று, "ஓ, உப்புக்காத்துதான் அண்ணே, இஞ்ச எல்லாத்தையும் அரிச்சுப்போடும்" என்று ஆமோதித்தாள். சாயா போட்டுத் தந்தாள். கூடவே மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும்.

மூன்று நாளில் மறுபடியும் மங்கல். இந்த முறை பதிவுகளை ஓட்டிப் பார்த்தேன். அந்த வருடங்களில் மின்வெட்டு கடுமையாக இருந்தது. பகலில் கரண்ட் போய்ப் போய் வரும். கரண்ட் போகும்வரை படம் தெளிவு, வந்ததும் மங்கல். எனக்குள் இருந்த விஞ்ஞானி விழித்துக்கொண்டான். கேமரா ஓடும்போது உள்ளே சூடு இருப்பதால் குமிழ் காய்ந்திருக்கும். கரண்ட் நின்றதும் குளிர்ந்து, உப்பு ஈரம் அதன்மேல் படிந்துவிடும். இதை நான் அவளுக்கு விளக்கியபோது வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். மரியாதைக்குப் பொத்துகிறாள் என்று நினைத்தேன்.

ஐஸ்கிரீம் டப்பாவை அறுத்துக் குமிழுக்கு மேல் ஒரு குடை செய்தேன். ஈரத்தை உறிஞ்சும் சிறிய பொட்டலங்கள் உள்ளே வைத்தேன். காருக்குப் பூசும் மெழுகு பூசிப் பார்த்தேன். லென்ஸைச் சுற்றியிருக்கும் பஞ்சு வளையம் குமிழோடு சரியாக அழுந்தவில்லையென்றால் வெளிச்சம் உள்ளுக்குள்ளேயே சிதறும் என்று, வளையத்தையும் மாற்றினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கடலையே கோணல் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் தெளியும், பிறகு மங்கும்.

சவுதியில் சூடு ஏறிக்கொண்டே போனது, வெயிலிலும் அவர் தலையிலும். "நீ கோழிக் கொண்ட தெரியும்னியே தம்பி. எனக்குக் கோழியே தெரியல. மத்தியானம் சாப்பிட வந்து பாத்தா முத்தத்துல வெள்ளையா ஒண்ணு வட்டம் சுத்துது. ஆடு கேறிச்சான்னு அவகிட்ட கேட்டா இல்லங்கா."

பதிவில் நானும் பார்த்தேன். மங்கலுக்குள் ஒரு வெள்ளைப் புகை கிணற்றைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. குமிழுக்குள் வெயில் பிரதிபலிக்கிறது என்று சொன்னேன். அதைத் தைரியமாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

"என்னமோ பிரதி. இத நம்பி எப்படி அவள வேலைக்கு விட? இந்த மாசக் கடைசிக்குள்ள தெளியலன்னா வேல கெடையாது, அம்புட்டுதான். நீயே அவகிட்ட சொல்லிடு" என்று வைத்துவிட்டார்.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நாலு வீட்டு வேலை போவது இருக்கட்டும். ஒரு பெண் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் போகமுடியாமல், அந்த மதிலுக்குள் கிணற்றையும் தென்னையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறாள், அதுவும் என் கையாலாகாத்தனத்தால். எனக்கு வெட்கமாக இருந்தது. அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

சோதித்துப் பார்ப்பதற்காக அந்த வீட்டுக் கேமராவை என் போனிலும் இணைத்திருந்தேன். மறுநாள் காலை, நாகர்கோவிலில் ஒரு கடையில் வயர் வாங்கிக்கொண்டு நிற்கும்போது அதைத் திறந்தேன். அதே மங்கல். அந்த மங்கலுக்கு முன்னால், கேட் அளவுக்குப் பெரிதாக ஒரு எறும்பு நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் வரிசையாக ஐந்தாறு. குமிழின் ஓரத்தில் வந்து நின்று, வாயை வைத்து வைத்துப் போயின. கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது. உப்புக்கு எறும்பு வருமா?

கடைசியாக அந்தக் குமிழைத் துடைத்த துணி என் பையில்தான் இருந்தது. எடுத்து மோந்தேன். தேங்காய் எண்ணெய். சுத்தமான, செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய்.

வயரை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன். வழியெல்லாம் என்னென்ன கேட்கவேண்டும் என்று மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். என்னை என்ன கோமாளி என்று நினைத்தாயா என்பது முதல் கேள்வி. பதினோரு மணி இருக்கும். கேட்டின் கொக்கி உள்ளே மாட்டியிருந்தது. தட்டப்போனவன் நின்றேன். உள்ளே வண்டிச் சத்தம். அதற்கு மேல் ஒரு பெண்குரல்: "நேரா பாரு டீச்சர்... கையத் தளத்து டீச்சர்... ஏட்டி, பிரேக்கு! பிரேக்கப் புடிட்டி!"

ஏதோ கேட்டில் வந்து மோதியது. கொக்கி தெறித்துக் கேட் திறந்தது. ஒரு ஸ்கூட்டரின் முன்சக்கரம் என் பைக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அதன்மேல் அவள், சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருந்தாள். வண்டியின் பின்கம்பியைப் பிடித்தபடி, வெள்ளை அங்கியும் முக்காடுமாக மூச்சிரைக்க நின்றார் ஒரு இளம் கன்னியாஸ்திரீ. சவுதிக்காரர் பார்த்த ஆடு அவர்தான்.

"கேமரா அண்ணன்" என்றாள் அவள், கண்ணைத் திறந்து.

எனக்கு மூக்குக்கு மேல் வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கன்னியாஸ்திரீ முன்னால் கெட்ட வார்த்தையும் பேச முடியாது. "எண்ணெய யாரு பூசுனது?" என்று மட்டும் கேட்டேன்.

"நான்தான் அண்ணே. ஒட்டடக் கம்புல துணியச் சுத்தி. கரண்ட்டு போற நேரம் பாத்து. வண்டி கேட்டுக்குள்ள வாறதும் போறதும் அந்த நேரந்தான்."

"எண்ணெய் எனக்க யோசனை இல்ல, கேட்டியளா" என்று சிஸ்டர் அவசரமாகத் தன்னை விலக்கிக்கொண்டார். இருவரும் பத்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு. ஒருத்தி கல்யாணம் ஆகி வந்தாள், ஒருத்தி மடத்துக்குப் போனாள். இவள் வேலைக்குப் போகப்போகிற பள்ளிக்கூடத்துக்கே இப்போது சிஸ்டர் டீச்சராக வந்திருக்கிறார். வண்டி மடத்து வண்டி. கோடை விடுமுறையில் அது சும்மாதான் நிற்கும். இப்போது ஒருவரையொருவர் டீச்சர், சிஸ்டர் என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொள்வார்கள். வண்டி சாயும்போது முதலில் விழுவது அந்த மரியாதைதான்.

"நாகர்கோவிலுக்குப் போய் எல்.எல்.ஆர். போட்டாச்சு அண்ணே" என்றாள் அவள். "ரோட்டுல படிச்சா அவருக்க அண்ணன் பாத்துச் சொல்லிப்போடுவாவ. இந்த முத்தத்த விட்டா வேற எடம் இல்ல. முத்தத்துல இந்த எழவு கண்ணு தொறந்துட்டு இருக்கு."

"என்கிட்ட சொன்னா நான் ஆஃப் பண்ணித் தந்திருப்பேன்லா?"

"ஆஃப் பண்ணுனா கள்ளன் கேறிட்டான்னு அந்த நிமிசமே அவருக்க அண்ணன ஓடிவரச் சொல்லுவாரு. மங்கலா இருந்தா உங்களத்தான் ஏசுவாரு." பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க தாங்குவியன்னு நெனச்சேன்."

"படம் தெளியலன்னா வேலைக்கு விடமாட்டேன்னு அவரு சொல்லிட்டாரு. தெரியுமா?"

"தெரியும். வண்டி ஓட்ட வரலன்னாலும் வேல போகும், படம் வரலன்னாலும் வேல போகும். ஓட்ட வந்தபெறகு எண்ணெயத் தொடச்சிரலாம்னு இருந்தேன்."

நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வாரமாக நான் வைத்த பொட்டலமும் பூசிய மெழுகும் செய்த குடையும் வரிசையாக ஞாபகம் வந்தன. கடைசியாக ஒரே ஒரு ஆறுதலைத் தேடினேன். "இருந்தாலும் இந்தப் பக்கம் கடலப் பாத்து இருக்கதுனால கொஞ்சமாவது உப்பு..."

சிஸ்டர் குறுக்கிட்டார். "அண்ணே, கடல் வீட்டுக்குப் பின்னால இருக்கு. அடுக்களப் பக்கம்."

அடுக்களைக் கேமராதான் நாலிலும் தெளிவாக இருந்தது. கடற்கரை ஊருக்குள் நுழைந்துவிட்டால் எனக்கு எல்லாப் பக்கமும் கடல் இருப்பதுபோலத்தான் தோன்றும். எந்தப் பக்கம் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. சிஸ்டர் முதலில் சிரித்தார். அவள் அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்தாள். மூன்று வாரத்துக் கோபத்தையும் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் உம்மென்று இருப்பது, நானும் சிரித்துவிட்டேன்.

"சரி, ஓட்டிக் காட்டுங்க" என்றேன்.

கிணற்றைச் சுற்றி அழகாக ஒரு வட்டம் போட்டாள். இன்னொன்று. மூன்றாவது வட்டத்தில் கவனித்தேன், எப்போதும் இடப்பக்கமாகவே திரும்புகிறாள். வலப்பக்கம் திரும்பச் சொன்னதும் வண்டி தள்ளாட, கால் இரண்டையும் ஊன்றி நின்றுபோனாள். முதல் நாள் சிஸ்டர் எந்தப் பக்கமாக வட்டம் போடச் சொன்னாரோ, அந்தப் பக்கமாகவே மூன்று வாரமும் போயிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் மெயின் ரோட்டில் ஏற வலப்பக்கம் திரும்பவேண்டும். இந்த லட்சணத்தில் விட்டிருந்தால், இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி வீட்டுக்கே வந்து சேர்ந்திருப்பாள்.

அன்று சாயங்காலம் சவுதிக்குப் போன் செய்தேன். தொழிலில் நான் சொன்ன முதல் பொய். குமிழ் பழுது, சென்னையிலிருந்து புதிய குமிழ் வரவேண்டும், ஒரு வாரம் ஆகும் என்றேன். வாங்க வேண்டிய ஏச்செல்லாம் வாங்கினேன். உனக்குத் தெரியாத வேலையை ஏன் எடுத்தாய் என்றார். அறையில் இருந்த ஒருவர் போனை வாங்கி, தன் வீட்டுக்கு வேறு ஆளைப் பார்த்துவிட்டதாகச் சொன்னார். வாயைத் திறந்தால் காரியம் கெடும் என்று எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டேன். அவள் கணக்குப் போட்டது சரிதான், தாங்கிவிட்டேன். ஆனால் சுலபமாக இல்லை.

பள்ளிக்கூடம் திறக்க மூன்று நாள் இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவள் கூப்பிட்டாள். "இன்னைக்கு அவருக்கு லீவு. வந்து கழுவித் தாங்க அண்ணே. நல்லாக் கழுவணும்."

அதுவரை நான் எந்தக் குமிழையும் அப்படிக் கழுவியதில்லை. ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து எறிந்தேன். குமிழைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்குப் போகும்வரை மூன்று தடவை அலசி, தேய்க்காமல் ஒற்றி எடுத்தேன். லென்ஸுக்குக் கீழே இருக்கும் சின்னத் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, முற்றத்தின் மறுகோடியில் சிஸ்டரை நிற்கவைத்து, அவருடைய ஜெபமாலை மணிகள் தனித்தனியாகத் தெரியும்வரை விடவில்லை. பஞ்சு வளையத்தை அழுத்தி, விளிம்பை மட்டும் பிடித்துக் குமிழை மூடினேன்.  அவள் ஹெல்மெட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, போனில் அவரைக் கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்க, கேமராவப் பாருங்க."

"அந்தச் சனியந்தான் தெரியாதே."

"இப்பப் பாருங்க" என்று ஸ்பீக்கரில் போட்டு, போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

போனில் அறையின் சந்தடி கேட்டது. யாரோ துணி துவைக்கிற சத்தம், யாரோ மலையாளத்தில் பேசுகிற சத்தம். பிறகு அவர் குரல், மெதுவாக: "ஆ... தெரியுது. லே, வந்து பாருங்கலே, எனக்க வீடு. தம்பி, கொள்ளாம் கேட்டியா. ஒரு சிஸ்டர் நிக்காவ, கையில ஜெபமால. அந்தால யாரு, வண்டியில?"

அதற்குள் ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது.

கிணற்றைச் சுற்றி இடப்பக்கமாக இரண்டு வட்டம்.  கேட் வரைக்கும் நேராகப் போய், நிறுத்தி, வலப்பக்கமாகத் திருப்பினாள். கிணற்றுச் சுவருக்கு ஒரு முழம் தள்ளி வண்டி லேசாக ஆடியபோது, இதற்குள் என் பக்கத்தில் வந்து நின்றிருந்த சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அது என் கை என்று உணர்ந்து விட்டுவிட்டார். அவள் காலை ஊன்றவில்லை. ஒரு வட்டம் முடிந்தது. போனில் யாரோ ஒருவர், "லே, உனக்க பெண்டாட்டியாலே அது?" என்று கேட்பது கேட்டது. அதற்கு அவரிடமிருந்து சத்தமில்லை. இரண்டாவது வட்டமும் முடிந்தது.

எனக்குத் தாங்கவில்லை. அவர் கத்தினால்கூடப் பரவாயில்லை, பேசாமல் இருந்தால் எப்படி. "அண்ணே, லைன்ல இருக்கியளா?" என்றேன்.

தொண்டையைச் செருமுகிற சத்தம். பிறகு, அவ்வளவு நாளும் என்னை ஏசிய அந்தக் குரலா என்று சந்தேகப்படும்படி, தணிந்து சொன்னார்:

"தம்பி, ஹெல்மெட்டுக்க வாரு தொங்குது. மாட்டிட்டு ஓட்டச் சொல்லு."

திரும்பிப் பார்த்தேன். பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு, நானும் கவனிக்கவில்லை, சிஸ்டரும் கவனிக்கவில்லை. அவள் தாடைக்குக் கீழே அந்தக் கறுப்பு வார் ஆடிக்கொண்டிருந்தது. சத்தம் போட்டுச் சொன்னேன். அவள் வண்டியை நிறுத்தி, கேமராவை நிமிர்ந்து பார்த்தபடி வாரை மாட்டி, கன்னத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டு, மறுபடியும் வலப்பக்கமாகவே வண்டியைத் திருப்பினாள்.